ஹம் போகட்டும், பேசலாம்

மே 2

இந்த நோட்டு எனக்காக வாங்கியது இல்லை. ஹம்முக்காக வாங்கியது.

காலையில் காபி குடித்த கையோடு இவர் நோட்டை விரித்து, இடது பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு பத்தி பிரித்தார். நேரம். வீட்டில் என்னென்ன ஓடுகிறது. ஹம் எவ்வளவு என்று பத்துக்கு மார்க். கடைசியாகக் குறிப்பு. பேனாவையும் சேர்த்து என் கையில் கொடுத்து, "நீதான் லேப்ல இருந்தவளாச்சே செம்பகம், ஒழுங்கா எழுதுவே" என்றார். நான் லேபில் இருந்தது இவருக்கு நினைவு வந்தது இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்தார். ஜனவரியோடு ஓய்வு. அதற்கு முந்தின மாதமே, மதுரையில் யாரோ விற்கிறார்கள் என்று பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிற பெரிய ஆம்ப் ஒன்றும், ரெக்கார்டு பிளேயரும், என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் வந்து ஹாலில் உட்கார்ந்தன. வந்த புதிதில் நன்றாகத்தான் பாடின. மாசி பிறந்த பிறகுதான் ஸ்பீக்கரிலிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். பக்கத்துத் தெருவில் மாவு மில் ஓடுகிற மாதிரி, பாட்டுக்கு முன்னால், பாட்டுக்கு நடுவில், பாட்டு முடிந்த பிறகும். அதற்குத்தான் ஹம் என்று பெயராம்.

காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை சோதனை நேரம். இவர் ஹாலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். நான் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்து, இவர் சொல்லுகிற மார்க்கை எழுத வேண்டும். அந்த நேரத்தில் மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் எதுவும் நானாகப் போடக் கூடாது.

நோட்டின் வலது பக்கம் கோடு போடாமல் காலியாகக் கிடக்கிறது. இவர் மார்க்கைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அதனால் வலது பக்கம் எனக்கு.

மே 3

காலை 10:10. ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டும் ஆஃப். ஹம் ஏழு. என் வியர்வை பத்து.

மே 5

நாகர்கோவிலிலிருந்து ஜெபக்கனி போன் செய்தாள். அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் நான் இயற்பியல் லேப் உதவியாளராகப் பதினோரு வருஷம் இருந்தபோது, அவள் அங்கே விடுதி வார்டன். இப்போது சொந்த ஊரில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு விடுதி நடத்துகிறாள். நாற்பது பெண்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், தங்க அறை உண்டு, ஜூன் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"ஒன்னைத்தான் நெனச்சேன். ஒனக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும், பிள்ளைகளுக்கும் பயம் இருக்கும். வாரியா இல்லியா, அதைச் சொல்லு" என்றாள்.

கேட்ட உடனே 'வருகிறேன்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டு, "இவர்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன். முன்பு இவருக்கு இந்தக் கோவில்பட்டிக்கு மாற்றல் வந்தபோது லேப் வேலையை விட்டேன். அன்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதாவது கேட்டுப் பார்ப்போமே.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். இவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற மனுஷர் இல்லை. அப்படி இருந்தால்கூட நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே, "மொதல்ல இந்த ஹம் போகட்டும், பேசலாம்" என்றார்.

சரி. அப்படியானால் ஹம் போக வேண்டும். இருபத்தாறு நாள் இருக்கிறது.

மே 7

கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிடும்போது விரலில் சுள்ளென்றது. எறும்பு கடித்த மாதிரி. கையை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். மறுபடி சுள்.

"என்னங்க, கிரைண்டர் ஷாக் அடிக்கி."

"ஈரக் கையோட தொட்டிருப்பே. செருப்பு போட்டுக்க."

வீட்டுக்குள் செருப்பு போடுவதென்றால் இவருக்கு ஆகவே ஆகாது. பின்வாசலில்கூட வெறுங்காலோடுதான் நடப்பார். அப்படிப்பட்டவர் எனக்குச் செருப்பு அனுமதித்தது பெரிய விஷயம்தான். பின்வாசல் ரப்பர் செருப்பை அலம்பி அடுக்களைக்குள் கொண்டுவந்தேன். குறிப்புப் பத்தியில் 'கிரைண்டர், லேசான ஷாக்' என்று எழுதினேன்.

இன்று ஒரே நேரத்தில் ஒயரை மாற்றி, பிளக்கை மாற்றி, ஆம்பை இடம் மாற்றி, ஸ்பீக்கரையும் திருப்பி வைத்தார். ஹம் ஏழிலிருந்து ஆறு. எதனால் குறைந்தது என்று கேட்டேன். முழித்தார். எங்கள் லேபில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றும்.

மே 9

செண்பகவல்லியம்மன் கோயிலுக்குப் போய்வரலாம் என்று கிளம்பினேன். என் பேருக்குச் சொந்தக்காரி, அவளைப் பார்த்தும் ஒரு மாதம் ஆகிறது. "பதினோரு மணிக்கு ரீடிங் இருக்கே, யாரு எழுதுவா?" என்றார். சாயங்காலம் போகலாம் என்றால் நாலு மணிக்கு ரீடிங். ஆறு மணிக்கு மேல் இவருக்கு டிபன்.

வீட்டுக்கதவு திறந்துதான் கிடக்கிறது. தெருவில் ஐஸ் வண்டி போகிறது, ஆட்கள் போகிறார்கள். நான் சுவிட்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன். காலையில் மட்டும் நூற்றுப் பதினாலு நடை.

மே 12

இன்று நடந்ததை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆம்பின் மேல் தூசி துடைக்கப் போனேன். துணி விலகி, கை அதன் இரும்பு உடம்பில் பட்டது. சட்டென்று ஹம் குறைந்தது. இவர் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். "எடு, கைய எடு." எடுத்தேன். ஏறியது. "வையி." வைத்தேன். குறைந்தது. "செருப்பைக் கழட்டிட்டு வையி." கழற்றிவிட்டு வைத்தேன். இன்னும் குறைந்தது. கையில் லேசாகக் குறுகுறுவென்று இருந்தது.

"மூணு! மூணுக்கு வந்துட்டு. அப்பிடியே நில்லு செம்பகம், அசையாத."

ஒரு நாதஸ்வர ரெக்கார்டை எடுத்துப் போட்டார். ஒரு பக்கம் முழுக்க, இருபத்திரண்டு நிமிஷம், வலது உள்ளங்கையை ஆம்பின் மேல் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றேன். இவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். நடுவில் கழுத்தில் வியர்வை வழிந்து அரித்தது. இடது கையால் சொரிந்தேன். கண்ணைத் திறக்காமலே, "அசையாதன்னு சொன்னேன்லா" என்றார்.

முடிந்த பிறகு மிக அன்பாக, "ரொம்ப நாளைக்குப் பெறகு நிம்மதியாக் கேட்டேன்" என்றார். அதற்காக அவரை வெறுக்கவும் முடியவில்லை.

நேரம் 11:20. ஹம் மூன்று. ஓடியது: ஆம்ப், நான்.

மே 13

இன்றும் நின்றேன். இரண்டு பக்கம்.

மே 14

ஜெபக்கனி. "முப்பத்தொண்ணாந் தேதி வரைக்கும் பாப்பேன். அதுக்க மேல ஒனக்காவ இடத்தப் பிடிச்சு வைக்க முடியாது, கேட்டியா. இன்னொரு பெண்ணு கேட்டுட்டு நிக்குதா."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஓசூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்பாவ அவர் போக்குல விடும்மா, ரிட்டயர் ஆன புதுசு" என்றான். நானும் என் போக்கு என்று ஒன்று வைத்திருக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. என் வளர்ப்புதான்.

பரண் மேலிருந்த பழைய பையை இறக்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜிப் தைக்கக் கொடுத்தேன். சும்மா கிடந்ததுதானே, தைத்து வைத்தால் எதற்காவது ஆகும்.

மே 17

கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கினார். ஹம் போகவில்லை. டிவிதான் போனது. இன்வெர்ட்டரை அணைத்தார். ஹம் போகவில்லை. அரை மணி கரண்ட் போனபோது மட்டும் ஹம் இல்லை. அப்போது பாட்டும் இல்லை.

துணி துவைக்கிற மிஷினைத் தொட்டால் சுள். குறிப்பில் எழுதினேன். இது மூன்றாவது தடவை.

மே 19

இவர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். ஆம்பைப் போட்டுவிட்டு நானே செய்து பார்த்தேன். லேபில் செய்கிற மாதிரி, வீட்டில் உள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஒன்று ஒன்றாகச் செருகினேன். ஒன்றைச் செருகி, கேட்டு, எழுதி, பிறகுதான் அடுத்தது.

மிக்ஸி, இரண்டு. ஃப்ரிட்ஜ், மூன்று. பின்வாசலில் துவைக்கிற மிஷின் பிளக்கைச் செருகினேன். மிஷின் ஓடக்கூட இல்லை, சும்மா செருகியதுதான். ஹாலில் ஸ்பீக்கர் உறுமுவது பின்வாசல் வரை கேட்டது. ஏழு. பிடுங்கினேன், மூன்று. செருகினேன், ஏழு. ஐந்து தடவை செய்தேன். ஐந்து தடவையும் அப்படியே.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு சோதனை சரியாக வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? அடுக்களையில் நின்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

மிஷின், இவர் ஓய்வு பெற்ற மறுமாதம் எனக்கு வாங்கிக் கொடுத்தது. அதுவரைக்கும் பின்வாசல் கல்லில் கையால்தான் துவைப்பேன். அந்த மிஷின் மாசியில் வந்தது. ஹம்மும் மாசியில் வந்தது.

இவர் வந்ததும் சொன்னேன். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

மே 21

ஹம் பூஜ்யம்.

காலையில் இவர் ஸ்க்ரூ டிரைவரோடு மெயின் போர்டில் ஏதோ செய்தார். பிறகு ஆம்பைப் போட்டார். கேட்டேன். ஒன்றும் இல்லை. மிஷின் ஓடுகிறது, கிரைண்டர் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது. ஸ்பீக்கரில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. இவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணத்தன்றுகூட இத்தனை சிரிப்பைப் பார்த்ததில்லை.

சிரிப்பு ஓய்வதற்குள் கேட்டுவிட்டேன். "அப்ப நான் நாகர்கோவில் போகட்டுமா?"

"போயிட்டு வா. ஒரு வருஷம் இருந்து பாரு. நான் சமாளிச்சுக்கிடுதேன்."

ஜெபக்கனிக்குப் போன் செய்தேன். "என்னத்துக்கு அழுகே?" என்று அதட்டினாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததாகச் சொன்னேன். பீரோவிலிருந்து சர்ட்டிபிகேட் கவரை எடுத்துப் பையில் வைத்தேன். முப்பத்தொன்றாம் தேதி காலை பஸ்.

மே 22

துணியை மிஷினிலிருந்து எடுக்கும்போது கை உதறிவிட்டது. முழங்கை வரைக்கும். இது எறும்புக்கடி இல்லை.

மே 23

டெஸ்டரை எடுத்து மிஷினின் உடம்பில் வைத்தேன். பல்பு எரிந்தது. கிரைண்டரில் வைத்தேன். எரிந்தது. தண்ணீர்க் குழாயில் வைத்தேன். எரியவில்லை.

மெயின் போர்டைத் திறந்து பார்த்தேன். பச்சை ஒயர்கள் எல்லாம் ஒரு பித்தளைப் பட்டையில் வரிசையாக முடுக்கியிருக்கும். அதில் ஒன்று மட்டும் வெளியே வந்து, நுனியில் கறுப்பு டேப் சுற்றிச் சுருண்டு கிடந்தது. அடுக்களைக்கும் பின்வாசலுக்கும் போகிற எர்த் ஒயர், கசிகிற கரண்டைத் தரைக்கு இறக்குவது.

"என்னங்க, எர்த்தையா கழட்டி விட்டிருக்கீக?"

"அந்த ஒயர் வழியாத்தான் ஹாலுக்குச் சத்தமே வருது. கழட்டுனேன், போச்சு. எர்த்துங்கது சும்மா பேருக்கு செம்பகம். அந்தக் காலத்துல எந்த வீட்டுல இருந்துச்சு?"

"மிஷின் அடிக்கி."

"செருப்பு போட்டுக்கன்னு சொன்னேன்லா."

நான் மேலே ஒன்றும் பேசவில்லை. பேசவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 24

பேசாததற்குக் காரணம் இவரிடம் பயம் இல்லை. அந்த ஒயரை மாட்டினால் ஹம் வரும். ஹம் வந்தால் 'ஹம் போகட்டும், பேசலாம்' என்பார். இன்னும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்குத்தான் ரப்பர் செருப்பு இருக்கிறதே.

மே 25

குறிப்புப் பத்தியில் மட்டும் 'எர்த் இல்லை. ஷாக்' என்று எழுதினேன். ஆறாவது தடவை. இவர் மார்க்கைப் பார்த்தார். பூஜ்யம். பக்கத்தைத் திருப்பினார்.

மே 26

நான் இல்லாதபோது துணி துவைக்கப் பழகிக்கொள்கிறேன் என்று இவராகவே பின்வாசலுக்கு வந்தார். எனக்கு ஆச்சரியம். ஒரு வருஷம் தனியாக இருக்கப்போவதை நிஜமாகவே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

சோப்புத் தூள் எங்கே போட வேண்டும், எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டார். நான் தோளில் போட்டிருந்த ஈரத் துண்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அந்தத் தண்ணீரில் இவர் நின்றார். வெறுங்கால். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி மிஷினின் விளிம்பைப் பிடிக்கக் குனிந்தார்.

நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. சுவரில் தோள் இடித்துக்கொண்டது.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. கை வழுக்கிச்சு."

இவர் உள்ளே போன பிறகு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். நான் இதுவரை எண்ணியதெல்லாம் என் ஏழு நாளைத்தான். அதற்குப் பிறகு இந்த வெறுங்கால் மனுஷர் இந்த மிஷினோடு ஒரு வருஷம் தனியாக இருப்பார் என்பதை நான் எண்ணவே இல்லை. எண்ணாமல் இல்லை, எண்ண விரும்பவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மே 27

நேற்று கல்லில் உட்கார்ந்தபோது காலுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மூடி கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வருஷமாக அதன் பக்கத்தில்தான் துவைத்தேன், அது என்ன என்பதை மறந்தே போனேன்.

அது எர்த் குழி. வீட்டுக்கு ஒயரிங் செய்தவர், குழி வெட்டி உப்பும் கரியும் போட்டுக் குழாயை இறக்கிவிட்டுச் சொன்னார்: "கரிசக்காடு பாத்துக்கிடுங்க. காஞ்சா வெடிச்சு, மண்ணு குழாய விட்டுட்டு வெலகிப் போயிரும். தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்." தனியாக யார் ஊற்றுவது என்று யோசித்து, துவைக்கிற கல்லை நான்தான் அந்தக் குழிக்கு மேட்டில் போடச் சொன்னேன். துவைத்து அலசுகிற தண்ணீரெல்லாம் தானாக அதில் போய் இறங்கும். தினமும் இறங்கியது.

மிஷின் வந்த பிறகு தண்ணீர் பைப் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது. மாசி, பங்குனி, சித்திரை, இப்போது கத்திரி வெயில். மூன்று மாதத்துக்கு மேல் அந்தக் குழிக்கு ஒரு சொட்டு இல்லை.

மூடியைத் தூக்கினேன். உள்ளே மண் விரல் போகிற அளவுக்கு வெடித்து, குழாயைச் சுற்றி இடைவெளி விட்டு நின்றது. வீட்டுக்கு எர்த் என்பதே பேருக்குத்தான் இருந்திருக்கிறது. மிஷினிலும் கிரைண்டரிலும் கசிகிற கரண்ட், தரைக்குப் போக வழி இல்லாமல், பச்சை ஒயர் வழியாக ஹாலுக்கு வந்து ஸ்பீக்கரில் உறுமியிருக்கிறது. மீதி என் விரலில் கடித்திருக்கிறது. கிரைண்டர் அடித்ததும் ஸ்பீக்கர் இரைந்ததும் ஒரே கோளாறு. ஒன்றுக்கு மார்க் போட்டோம். இன்னொன்றுக்குச் செருப்பு போட்டோம்.

இரண்டு குடம் ஊற்றினேன். சொர்ரென்று உறிஞ்சிக்கொண்டது. ஊறி மண் சேர ஒரு வாரமாவது ஆகும்.

எனக்கு இருப்பது நாலு நாள்.

மே 28

இவர் முடி வெட்டப் போனார். மெயினை அணைத்தேன். டேப்பைப் பிரித்து, பச்சை ஒயரைப் பட்டையில் செருகி, ஸ்க்ரூவை முடுக்கினேன். பிறகு மெயினைப் போட்டு, ஆம்பைப் போட்டேன்.

ஹம் ஆறு.

இவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கழுத்தில் இன்னும் முடி ஒட்டியிருந்தது. "என்னது? வந்துட்டா?"

"நான்தான் ஒயர மாட்டுனேன்."

"ஏன்?"

பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெயினை அணைத்து ஒயரைக் கழற்றி, மெயினைப் போட்டு, டெஸ்டரை இவர் கையில் கொடுத்தேன். "மிஷின்ல வச்சுப் பாருங்க." பல்பு பளிச்சென்று எரிந்தது. மறுபடி மெயினை அணைத்து ஒயரை மாட்டினேன். "இப்ப வையுங்க." மங்கலாக மினுங்கியது. குழியின் மூடியைத் தூக்கிக் காட்டினேன். கல்லைக் காட்டினேன். தண்ணீர் எங்கே போனது, இப்போது எங்கே போகிறது என்று காட்டினேன். லேபில் ஒரு தடவை சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். இவருக்கும் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அன்னைக்கு நீ பிளக்கப் பிடுங்குனியே..."

"ஆமா."

"சொல்லிருக்கலாம்லா."

"சொன்னேன். எழுதியும் வச்சிருக்கேன். ஆறு தடவ."

நோட்டை வாங்கிக் குறிப்புப் பத்தியை விரல் வைத்து மேலிருந்து கீழே வாசித்தார். முதல் தடவையாக. கிரைண்டர், லேசான ஷாக். மிஷின், ஷாக். எர்த் இல்லை. ஷாக். கடைசி வரை போய், "கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதப்பிடாதா" என்றார். குரல் அடங்கியிருந்தது. பின்வாசலில் கிடந்த என் ரப்பர் செருப்பைக் காலால் நகர்த்தி, போட்டுப் பார்த்தார். பாதி பாதம் வெளியே நின்றது.

எனக்கு இவர் மேல் இரக்கமாக இருந்தது. இவ்வளவு போதும் என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் டிபன் சாப்பிடும்போது சொன்னார். "ஒயரு இருக்கட்டும். நீ செஞ்சதுதான் சரி. ஆனா ஹம் திரும்ப வந்துட்டே செம்பகம். இது போகட்டும், பேசலாம். ஜெபக்கனிட்ட ஒரு மாசம் கழிச்சு வாரேன்னு சொல்லிரு."

கொஞ்சம் சட்டினி கேட்கிற குரலில் சொன்னார். நான் சட்டினியை வைத்தேன்.

மே 29

காலை இரண்டு குடம். மாலை இரண்டு குடம். ஹம் ஆறு.

மே 30

ஹம் ஆறு. ஜெபக்கனிக்கு நான் போன் செய்யவில்லை. ஒரு மாசம் கழித்து வருகிறேன் என்று சொல்லவில்லை.

மே 31

பையை வாசலில் கொண்டுவந்து வைத்தேன். இவர் ரெக்கார்டு பிளேயரின் மேல் குனிந்து ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்பீக்கர் 'ங்ங்ங்' என்று இரைந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஹம் இருக்கே" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"இருக்கட்டும்" என்றேன். "நான் போயிட்டு வாரேன்."

மிஷினின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பெரிய எழுத்தில்தான். 'செருப்பு. குழிக்குக் காலை இரண்டு குடம், மாலை இரண்டு குடம். பச்சை ஒயரைத் தொடக் கூடாது.' அவருடைய அளவுக்கு நேற்றே ஒரு ரப்பர் செருப்பு வாங்கி மிஷினுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். நோட்டை நான் எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் என் எழுத்து.

பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம். கயத்தாறு தாண்டும் வரை அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

ஜூன் 2

நாற்பது பெண்கள், மூன்று குளியலறை. நோட்டுக்கு நேரமில்லை.

ஜூன் 6

மத்தியானம் இவர் போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"செம்பகம், ஹம் ரெண்டுக்கு வந்துட்டு. எழுதிக்க."

"நீங்க அங்கன ஒரு நோட்டு வாங்கிக்கிடுங்க."

பின்னால் நாதஸ்வரம் கேட்டது. பிறகு, "செருப்பு போட்டுக்கிட்டுத்தான் தண்ணி ஊத்துதேன்" என்றார். பிறகு, "குழி நல்லா ஊறிட்டு, மண்ணு குழாயோட சேந்துட்டு" என்றார். அதற்கும் பிறகுதான் கேட்டார்.

"நீ எப்ப வாரே?"

"மொதல்ல ஹம் முழுசாப் போகட்டுங்க, பேசலாம்."

யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். சொன்னது யாருடைய வார்த்தை என்று அவருக்குத் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு விடுதிக்குப் பின்னால் போனேன். இங்கே எர்த் குழி மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மழை பெய்கிற ஊர், ஈரமாகத்தான் இருக்கிறது.